சிவப்பு அட்டைக் கூண்டுகள்

பிப்ரவரி 3

மதிப்பிற்குரிய கூண்டையா அவர்களுக்கு,

உங்கள் சொந்தப் பெயரை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. இருபத்தெட்டு ஆண்டுகள் எங்கள் எலிக்கூடத்தைப் பார்த்துக்கொண்ட மனிதரை மொத்த நிறுவனமும் ‘கூண்டையா’ என்றே அழைத்தது. நானும் அப்படியே தொடங்குகிறேன். அதை மரியாதைச் சொல்லாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

சென்ற வாரம் தொலைபேசியில் உங்களிடம் ஏழு கேள்விகள் கேட்டேன். ஏழுக்கும் “ஆமாங்க” என்றீர்கள். அவற்றில் இரண்டு ஒன்றுக்கொன்று நேரெதிரானவை. கூண்டு கழுவும் இயந்திரம் உங்கள் காதைக் கொண்டுபோய்விட்டதென்று பிறகுதான் அலுவலகத்தில் சொன்னார்கள். ஆகவே இந்தக் கடிதம். எழுத்தில் இருப்பது எனக்கும் நல்லது.

விஷயம் இதுதான். நீங்கள் ஓய்வுபெற்றுப் பதினெட்டு மாதங்கள் ஆகின்றன. நம் மருந்து வேலை செய்வதை நிறுத்தியும் பதினெட்டு மாதங்கள் ஆகின்றன.

உங்களுக்குத் தெரியும்: எலிக்குட்டிகளின் முதல் இரண்டு வாரம் சிவப்பு அட்டைக் கூண்டுகளுக்கு மருந்துச் சொட்டு, வெள்ளை அட்டைக் கூண்டுகளுக்கு வெறும் தண்ணீர். எந்த நிறத்துக்கு எது என்பது அப்போது உங்களுக்கும் தெரியாது, சொட்டு விட வரும் மாணவிக்கும் தெரியாது. வளர்ந்த பிறகு ஒவ்வொரு எலியையும் ஒரு குறுகிய குழாய்க்குள் இருபது நிமிடம் அடைத்துப் பயமுறுத்துவோம். பயத்தில் ஒரு ஹார்மோன் ஏறும். அது எவ்வளவு சீக்கிரம் இறங்குகிறது என்று ரத்தத்தில் பார்ப்போம். உங்கள் காலத்தில் சிவப்பு அட்டை எலிகளுக்கு ஒரு மணி நேரத்தில் இறங்கிவிடும். இப்போது மூன்று தொகுதி முடித்துவிட்டோம். சிவப்பு, வெள்ளை இரண்டிலும் அந்த ஹார்மோன், எழுந்துபோக மனமில்லாத விருந்தாளியைப் போல உட்கார்ந்திருக்கிறது.

இதற்கிடையே எட்டு மருத்துவமனைகளில் நூற்று எண்பத்தாறு பேருக்கு இதே மருந்தை மாத்திரையாகக் கொடுக்கத் தொடங்கியாயிற்று. எலிகளின் கருத்து மாறியது அவர்களுக்குத் தெரியாது.

நீங்கள் இருந்தபோது மரத்தூள் எங்கிருந்து வந்தது? கூண்டு கழுவ எந்த சோப்பு? தண்ணீர் குழாயிலிருந்தா, கொதிக்க வைத்தா? குட்டிகள் அறையில் வானொலி வைத்திருந்தீர்களா? எது நினைவுக்கு வந்தாலும் எழுதுங்கள். அற்பம் என்று விட்டுவிடாதீர்கள். இந்தத் துறையே அற்பங்களால் ஆனது.

அன்புடன்,
ஏற்பிகள் ஆய்வுப் பிரிவின் தலைவி


பிப்ரவரி 12

டாக்டரம்மாவுக்கு வணக்கம்.

கடிதம் கிடைத்தது. இருபத்தெட்டு வருடத்தில் நீங்கள் எனக்கு எழுதிய முதல் கடிதம். இதற்கு முன் எழுதியதெல்லாம் அறிவிப்புப் பலகையில், ஆணி அடித்து.

கேட்டதற்குப் பதில். மரத்தூள் அதே ஆள்தான் கொடுத்தார். சோப்பு அதே வாசனையில்லாத சோப்பு. தண்ணீர் குழாய்த் தண்ணீர்தான். வானொலி இல்லை, விதிகளில் இல்லை. கதவில் ஒட்டிய விதிகள் பதினொன்றும் இன்னும் எனக்கு மனப்பாடம்.

ஒன்று சொல்கிறேன், தப்பாக நினைக்க வேண்டாம். மருந்து பற்றிய உங்கள் கட்டுரை வந்தபோது கடைசிப் பக்கத்தில் நாற்பத்தொரு பேருக்கு நன்றி சொல்லியிருந்தீர்கள். குளிர்பெட்டி ரிப்பேர் செய்தவர்கூட அதில் இருந்தார். அவர் வந்தது இரண்டே தடவை. நான் நாற்பத்திரண்டாவது ஆளாக இருந்திருந்தால் பக்கம் போதாமல் போயிருக்குமோ என்று கொஞ்ச நாள் யோசித்தேன். பிறகு விட்டுவிட்டேன். விட்டுவிட்டதைத்தான் எழுதுகிறேன்.

மருந்து வேலை செய்யவில்லை என்று நீங்கள் எழுதியதை நான் நம்பவில்லை. புது ஆட்கள் சரியாகப் பார்த்துக்கொள்ளாமல் இருப்பார்கள். நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். சிவப்பு அட்டை எலிகளைக் குழாயிலிருந்து வெளியே விட்டால் கொஞ்ச நேரத்தில் மீசையைத் துடைத்துக்கொண்டு சாப்பிடப் போய்விடும். வெள்ளை அட்டை எலிகள் மூலையில் போய் நடுங்கிக்கொண்டே இருக்கும். அந்த நம்பிக்கையில்தான் என் மகளை இந்தப் பரிசோதனையில் சேர்த்துவிட்டிருக்கிறேன்.

அவளை உங்களுக்குத் தெரியாது. ஆம்புலன்ஸ் கேட்டு வரும் போன்களை எடுக்கும் இடத்தில் பதினோரு வருட வேலை. இரண்டு வருடத்துக்கு முன் ஒரு தாய் அழுதுகொண்டே சொன்ன தெருப் பெயரை இவள் வேறு தெருவாக எடுத்துக்கொண்டாள். வண்டி போய்ச் சேர ஒன்பது நிமிடம் அதிகமானது. குழந்தை பிழைக்கவில்லை. விசாரணையில் இவள்மேல் தப்பில்லை என்றார்கள். இவளுக்கு அது போதவில்லை. அன்றிலிருந்து எந்த மணி அடித்தாலும் நெஞ்சு படபடக்கும், அடங்காது. பக்கத்து வீட்டு சைக்கிள் மணிக்கும் அப்படித்தான். ஒரு மருந்து சாப்பிட்டு வந்தாள், பாதி உதவியது. பரிசோதனையில் சேர அதை நிறுத்தணும் என்றார்கள். அவள் தயங்கினாள். நான்தான் “அப்பா கண்ணால பார்த்த மருந்தும்மா, தைரியமா சேரு” என்றேன்.

சேர்ந்து பன்னிரண்டு நாள் ஆகிறது. நீங்கள் மரத்தூளை விசாரியுங்கள்.

இப்படிக்கு,
கூண்டையா


பிப்ரவரி 20

கூண்டையா அவர்களுக்கு,

நன்றிப் பட்டியலில் உங்கள் பெயர் விடுபட்டது தவறு. தட்டச்சுப் பிழை என்று சொல்லலாம் என முதலில் நினைத்தேன். ஒரு முழு மனிதர் தட்டச்சில் விழுந்துபோக முடியாது. யாருக்கும் நினைவு வரவில்லை, அவ்வளவுதான்.

உங்கள் மகளைப் பற்றி நான் எதுவும் சொல்லக் கூடாது. பரிசோதனையில் பாதிப் பேருக்கு மருந்து மாத்திரை, பாதிப் பேருக்கு அதே போன்ற வெறும் மாவு மாத்திரை. யாருக்கு எது என்பது ஒரு கணினிக்கு மட்டும் தெரியும். அவருக்கு எந்தச் சிரமம் இருந்தாலும் தன் மருத்துவமனையில் சொல்லட்டும். இந்த வாக்கியத்தை எழுத எங்களுக்குப் பயிற்சி கொடுக்கிறார்கள்.

மரத்தூளை விசாரித்தேன். மரத்தூள் நிரபராதி. ஆனால் வேறொன்று கிடைத்தது. குட்டிகள் அறைக் கதவில் அடையாள அட்டையைத் தேய்த்தால்தான் திறக்கும் என்பது உங்களுக்கு நினைவிருக்கும். தேய்க்கும் ஒவ்வொரு முறையும் அது நேரத்தைக் குறித்துக்கொள்கிறது என்பதை யாரும் உங்களிடம் சொன்னதாகத் தெரியவில்லை. என்னிடமும் சொல்லவில்லை. பதினாறு கூண்டுகளைச் சுத்தம் செய்ய நாற்பது நிமிடம் போதும். புது ஆள் முப்பத்தைந்தில் முடிக்கிறார். நீங்கள் தினமும் இரண்டு மணி நாற்பது நிமிடம் உள்ளே இருந்திருக்கிறீர்கள். மூன்று ஆண்டுகள், குட்டிகள் இருந்த ஒவ்வொரு நாளும், ஞாயிறு உட்பட.

மீதி இரண்டு மணி நேரம் என்ன செய்தீர்கள்?

இது குற்றச்சாட்டு அல்ல. உங்கள் ஓய்வூதியத்தை யாரும் தொடப்போவதில்லை. தெரிந்துகொள்ளவே கேட்கிறேன்.

ஆய்வுத் தலைவி


மார்ச் 1

டாக்டரம்மாவுக்கு,

இரண்டு மணி நேரமும் என்ன செய்தேன் என்றால், முட்டி வலி. அந்த ஒரு அறையில்தான் கதகதப்பு. குட்டிகளுக்காக வைத்த சூட்டில் கிழவனும் கொஞ்சம் காய்ந்துகொண்டேன். ஒரு முக்காலி இருந்தது, உட்கார்ந்தேன். உட்கார்ந்தால் எழுந்திருக்க நேரமாகும். அவ்வளவுதான்.

கதவு கணக்கு எழுதும் என்று தெரிந்திருந்தால் வெளியிலேயே உட்கார்ந்திருப்பேன்.

ஒரு சந்தேகம். சும்மா கேட்கிறேன். யாராவது ஒருத்தர், விதி நான்கை மீறி, கூண்டு மாற்றும் நேரம் தவிர மற்ற நேரத்தில் ஒரு குட்டியைக் கையில் எடுத்தால் என்ன ஆகிவிடும்? தீங்கு வருமா? கையைக் கழுவிவிட்டுத்தான் எடுத்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மகளுக்கு உடம்பு சரியில்லை. பழைய மருந்தை நிறுத்தியதிலிருந்து ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம்கூடக் கண் அயரவில்லை. ஆஸ்பத்திரியில் போய்ச் சொன்னால், “மருந்து வேலை செய்ய ஆரம்பிக்கும்போது அப்படித்தான் இருக்கும், பொறுத்துக்கோங்க” என்கிறார்கள். வீட்டில் இருந்த சுவர்க் கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிட்டேன். மணிக்கு ஒரு தடவை அடிக்கும், அவளுக்கு ஆகவில்லை. நீங்கள் எல்லாரும் வழியனுப்பும்போது கொடுத்த கடிகாரம்தான். எனக்கு அது அடிப்பதே கேட்காது.

நீங்கள் ஒரே ஒரு வரி எழுதுங்கள், மருந்து நல்ல மருந்து என்று. நான் வேறு எதுவும் கேட்கவில்லை.

கூண்டையா


மார்ச் 9

கூண்டையா அவர்களுக்கு,

உங்கள் ‘யாராவது ஒருத்தரை’ப் பற்றி மூன்று நாள் யோசித்தேன். அவருக்கு முட்டி வலி உண்டா என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை.

நீங்கள் கேட்டதால் முழுவதையும் சொல்கிறேன். இதை நான் ஆண்டுதோறும் முதலாண்டு மாணவர்களுக்குச் சொல்வேன். அவர்களில் பாதிப் பேருக்கும் உங்களைப் போலவே காது கேட்பதில்லை, காரணம்தான் வேறு.

ஆபத்து என்று மூளை நினைத்தால் கீழே சேதி அனுப்பும். சிறுநீரகத்தின் தலையில் தொப்பி போல உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பி அந்த ஹார்மோனை ரத்தத்தில் விடும். அது உடம்பெல்லாம் ஓடி எல்லோரையும் எழுப்பிவிட்டு, கடைசியில் மூளைக்கே திரும்பி வரும். அங்கே அதற்கென்று இருக்கைகள் இருக்கின்றன. அவற்றைத்தான் ஏற்பிகள் என்கிறோம். போதுமான இருக்கைகள் நிரம்பியதும் மூளை ‘சரி, சேதி கிடைத்தது, நிறுத்துங்கள்’ என்று உத்தரவிடும். ஆரோக்கியம் என்று நாம் சொல்வது பெரும்பாலும் இந்த ‘நிறுத்துங்கள்’தான்.

இருக்கைகள் குறைவாக இருந்தால் மூளைக்குச் சேதி கிடைத்த மாதிரியே இருக்காது. இன்னும் அனுப்பு என்று கேட்டுக்கொண்டே இருக்கும். இன்னும் வரும். அதிகமாக வந்த ஹார்மோன், இருக்கிற இருக்கைகளையும் மெல்லக் குறைக்கும். அதனால் இன்னும் அதிகம் வரும். எங்கள் நிர்வாகக் குழுவும் இதே முறையில்தான் இயங்குகிறது, ஆனால் அதற்கு மருந்து தேட யாரும் நிதி தருவதில்லை.

உங்கள் மகளுக்கு இருப்பது அநேகமாக இதுதான். நம் மருந்து இருக்கைகளைக் கூட்டும் என்பதே நம் கண்டுபிடிப்பு.

இப்போது உங்கள் சந்தேகத்துக்கு வருகிறேன். பிறந்த குட்டியைத் தினமும் கால் மணி நேரம் தாயிடமிருந்து எடுத்துக் கையில் வைத்திருந்து திருப்பி விட்டால், தாய் அதை நக்கு நக்கென்று நக்கும். அந்தக் குட்டியின் மூளையில் இருக்கைகள் கூடிவிடும். ஆயுளுக்கும் அப்படியே இருக்கும். இது பழைய பாடம், எல்லோருக்கும் தெரியும். விதி நான்கை நான் எழுதியது அதற்காகத்தான். காரணத்தையும் சேர்த்து எழுதியிருக்க வேண்டும். விதிகளுக்குக் காரணம் எழுதும் வழக்கம் எங்களிடம் இல்லை.

ஆகவே நேராகக் கேட்கிறேன். குட்டிகளைத் தூக்கினீர்களா?

தூக்கியிருந்தால், இது மிக முக்கியம், எல்லாக் கூண்டிலும் தூக்கினீர்களா அல்லது சிவப்பு அட்டைக் கூண்டுகளில் மட்டுமா? பதினாறிலும் ஒரே மாதிரி தூக்கியிருந்தால் இரண்டு பக்கமும் சமம். சிவப்புக்கும் வெள்ளைக்கும் இருந்த வித்தியாசம் மருந்தினுடையது என்றே நிற்கும். நாம் பிழைத்தோம். மருந்தும் பிழைத்தது. சிவப்பில் மட்டும் என்றால் நாம் மூன்று ஆண்டு அளந்தது உங்கள் கையை.

எல்லாக் கூண்டிலும் தூக்கியிருப்பீர்கள் என்றே நினைக்கிறேன். உங்கள் சுபாவம் பாரபட்சம் பார்க்காதது. யோசித்துப் பதில் எழுதுங்கள்.

ஆய்வுத் தலைவி


மார்ச் 18

டாக்டரம்மாவுக்கு,

தூக்கினேன். எல்லாக் கூண்டிலும் தூக்கினேன். பாரபட்சம் பார்க்கவில்லை.

கூண்டையா


மார்ச் 26

அன்புள்ள கூண்டையா,

உங்கள் கடிதம் இயக்குநரின் மேசைவரை போய்விட்டது. இரண்டு வரிக் கடிதத்தால் ஒரு நிறுவனம் இவ்வளவு நிம்மதி அடைந்து நான் பார்த்ததில்லை. “பாத்தீங்களா, அந்த மனுஷன் அப்பவே நல்ல மனுஷன்” என்றார் இயக்குநர். அவர் உங்களைப் பார்த்ததே இல்லை.

ஒரு சின்ன உறுத்தல் இருந்தது. பதினாறு கூண்டுக்கும் கால் மணி நேரம் என்றால் நான்கு மணி நேரம் ஆகும். கதவு இரண்டு மணி என்கிறது. சரி, கூண்டுக்கு ஏழரை நிமிடம் தூக்கியிருப்பீர்கள் என்று கணக்கைச் சரிசெய்துகொண்டேன். தூக்கப்பட்ட வெள்ளை எலிகளும் சாந்தமாக இருந்திருக்க வேண்டுமே என்று எங்கள் மாணவி கேட்டாள். ஏழரை நிமிடம் போதாதோ என்னவோ என்று பதில் சொன்னேன். அவள் தலையை ஆட்டினாள். அந்த ஆட்டலை நான் குறிப்பேட்டில் எழுதவில்லை.

புதிய தொகுதிகள் தோற்றதற்குக் காரணம், பக்கத்தில் கட்டும் புதுக் கட்டடத்தின் இரைச்சல் என்று அறிக்கை போகிறது. பரிசோதனை தொடரும். திருத்திய பதிப்பில் உங்களுக்கு நன்றி சொல்கிறோம். உங்கள் முழுப் பெயரை எழுதி அனுப்புங்கள்.

நன்றியுடன்,
ஆய்வுத் தலைவி


ஏப்ரல் 10

டாக்டரம்மாவுக்கு,

மார்ச் 18 எழுதியது பொய். நன்றியெல்லாம் வேண்டாம், பெயரும் வேண்டாம்.

சிவப்பு அட்டைக் குட்டிகளை மட்டும்தான் எடுத்தேன். வெள்ளை அட்டைக் குட்டிகளை ஒரு நாளும் எடுக்கவில்லை. உண்மையில் எடுத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. அவைகளும் பிள்ளைகள்தானே.

எதற்கு சிவப்பு மட்டும் என்று கேட்பீர்கள். எந்த நிறத்துக்கு மருந்து என்று யாருக்கும் தெரியாது என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு முதல் நாளே தெரியும். அந்த மருந்து கசப்பு. மாணவி சொட்டு விட்டுப் போனதும் வெள்ளைக் கூண்டுகளில் குட்டிகள் தாயிடம் போய் ஒட்டிக்கொள்ளும். சிவப்புக் கூண்டுகளில் கண்ணே திறக்காத குட்டிகள் வாயைக் கோணிக்கொண்டு, தலையை ஆட்டிக்கொண்டு, தாயின் மடியைக்கூடப் பிடிக்காமல் கிடக்கும். தினமும். உங்களில் யாரும் அந்த நேரத்தில் உள்ளே வந்ததில்லை. எனக்குப் பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை. என் கம்பளிக் குல்லாயில் ஒரு கூண்டுக் குட்டிகளைப் போட்டு மடியில் வைத்துக்கொள்வேன். கசப்பு அடங்கக் கால் மணி நேரம் ஆகும். அடங்கியதும் தாயிடம் விடுவேன். பிறகு அடுத்த கூண்டு. எட்டுக் கூண்டு. உங்கள் கதவு பொய் சொல்லவில்லை.

பெரிய குற்றம் என்று அப்போது நினைக்கவில்லை. மருந்துக்கு உதவி செய்வதாகத்தான் நினைத்தேன்.

மார்ச் 9 கடிதத்தில் எந்தப் பதிலைச் சொன்னால் மருந்து பிழைக்கும் என்று நீங்களே எழுதியிருந்தீர்கள். நான் அதைப் பார்த்து எழுதினேன். உங்களைக் குறை சொல்லவில்லை. என் மகள் அந்த மாத்திரையைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். மருந்து பிழைத்தால் அவள் பிழைப்பாள் என்று நினைத்தேன். எழுதினால் உண்மையாகிவிடும் என்று நினைத்திருப்பேன். படிக்காதவன்.

இப்போது அவள் நிலைமை. சென்ற வாரம் வேலையில் ஒரு போன் வந்திருக்கிறது. எடுத்தாள். எதிர்ப்பக்கம் ஒருத்தர் பேசிக்கொண்டே இருக்கிறார், இவளுக்குப் பேச்சு வரவில்லை. பக்கத்து நாற்காலிப் பெண் வாங்கிப் பேசினாள். அன்று யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. இவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அன்றிலிருந்து போன உயிரை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். போகாத உயிரையும் சேர்த்து எண்ணுகிறாள்.

நான் அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். “விட்டுடும்மா, அந்த மாத்திரையில ஒண்ணும் இல்ல. பழைய மருந்துக்கே போயிடலாம்” என்றேன்.

“அப்பா, அவங்க பெரிய டாக்டருங்க. நீங்க கூண்டு கழுவினவரு” என்றாள்.

“கூண்டு கழுவினவன் சொல்லித்தானேம்மா சேர்ந்த?”

“அதான் இப்ப வேற சொல்றீங்களே. எதை நம்பறது நான்?” என்று கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே டாக்டர் நல்ல மாதிரி. “பெரியவரே, நடுவுல விட்டா எங்க கணக்கு குழம்பிடும். மேலேருந்து ஒரு கடிதம் வந்தா இன்னிக்கே பழைய மருந்து எழுதித் தர்றேன். நீங்க சொல்றத வெச்சு நான் எப்படிங்க பண்றது?” என்றார். மேலே என்றால் நீங்கள்தான். விசாரித்துவிட்டேன்.

ஒரு கடிதம் போதும். அவள் பெயரைக்கூடப் போட வேண்டாம். அந்த மருந்தைப் பற்றி எங்களுக்குச் சந்தேகம் வந்திருக்கிறது, கேட்பவர்களைப் பழைய மருந்துக்கு மாற்றுங்கள் என்று. உங்கள் கையெழுத்தில். அதை அவளும் நம்புவாள்.

நாளைக்கே எழுதிவிடுங்கள் அம்மா.

கூண்டையா


ஏப்ரல் 19

கூண்டையா அவர்களுக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்றே பதில் எழுத உட்கார்ந்தேன். இது நான்காவது பிரதி.

முதலில், உங்கள் மீது எனக்குக் கோபம் இல்லை. கசப்பைப் பற்றி நாங்கள் யாரும் யோசிக்கவில்லை. வெள்ளைக்கும் கொஞ்சம் கசப்புச் சேர்த்திருந்தால் இது எதுவும் நடந்திருக்காது. மூளையின் ஏற்பிகளைப் பற்றி இருபத்திரண்டு ஆண்டு படித்தவளுக்கு நாக்கு நினைவுக்கு வரவில்லை.

ஆனால் அறிவியலில் ஒருவருடைய வாக்குமூலம் சான்று ஆகாது. மார்ச்சில் ஒன்று சொன்னீர்கள், ஏப்ரலில் ஒன்று சொல்கிறீர்கள். இரண்டில் எது உண்மை என்று சோதித்துத்தான் முடிவுக்கு வர வேண்டும். சோதிக்கும் வழியும் தெளிவாக இருக்கிறது. ஒரு தொகுதியை மருந்தில்லாமல் தினமும் கால் மணி நேரம் கையில் வைத்திருக்க வேண்டும், இன்னொன்றைத் தொடக் கூடாது. குட்டிகள் வளர மூன்று மாதம். முடிவு வந்ததும் பரிசோதனையை நடத்தும் மருந்து நிறுவனத்துக்கு நானே எழுதுவேன். அதுவரை எட்டு மருத்துவமனைகளைப் பதற வைப்பது பொறுப்பான செயல் ஆகாது. இயக்குநரும் அப்படித்தான் கருதுகிறார். ஜூனில் அவர் ஓய்வுபெறுகிறார், அந்த நாற்காலிக்கு என் பெயரும் அடிபடுகிறது. அதற்கும் இதற்கும் தொடர்பில்லை. தொடர்பில்லாததை ஏன் எழுதினேன் என்று தெரியவில்லை. அடித்துவிடலாம், ஆனால் ஐந்தாவது பிரதி எழுதத் தெம்பில்லை.

உங்கள் மகள் எப்போது வேண்டுமானாலும் பரிசோதனையை விட்டு விலகலாம். அது அவருடைய உரிமை. சேரும்போது அவர் கையெழுத்திட்ட தாளின் ஆறாம் பக்கத்தில் இருக்கிறது. மருத்துவர் ‘மேலிருந்து கடிதம்’ கேட்டது விதிப்படி தவறு. அவரிடம் அந்தப் பக்கத்தைக் காட்டுங்கள். என் பெயரைச் சொல்ல வேண்டாம்.

ஏப்ரல் 10 கடிதத்துக்கு நகல் ஏதாவது வைத்திருக்கிறீர்களா? வேறு யாரிடமாவது இருக்கிறதா? கோப்பு ஒழுங்காக இருக்க வேண்டும் என்பதற்காகக் கேட்கிறேன்.

உங்கள் மகளைத் தனியாக விடாதீர்கள்.

ஆய்வுத் தலைவி


மே 6

டாக்டரம்மாவுக்கு,

மகள் ஏப்ரல் இருபத்தேழாம் தேதி காலையில் போய்விட்டாள். வேலைக்குப் போகும் உடையைப் போட்டுக்கொண்டிருந்தாள். எப்படி என்று எழுதமாட்டேன். அதை விசாரிக்க வேண்டியவர்கள் விசாரித்துவிட்டார்கள். நான் பக்கத்து அறையில்தான் இருந்தேன். எனக்கு எதுவும் கேட்கவில்லை.

உங்கள் கடிதம் இருபத்தொன்பதாம் தேதி வந்தது. ஆறாம் பக்கத்தை எடுத்துப் பார்த்தேன். நீங்கள் சொன்னபடியே இருக்கிறது. பொடி எழுத்தில் இருக்கிறது.

நகல் இருக்கிறதா என்று கேட்டிருந்தீர்கள். அன்றைக்கு இல்லை. ஏப்ரல் 10 கடிதத்தை இன்னொரு தடவை முழுதாக எழுதினேன். எனக்கு மறக்கவில்லை. அதையும் நீங்கள் எழுதிய ஐந்து கடிதங்களையும் கடையில் கொடுத்து எட்டு நகல் எடுத்தேன், ஆஸ்பத்திரிக்கு ஒன்று. மார்ச் 9 கடிதத்தில் பதிலை எனக்கு எடுத்துக் கொடுத்த இடத்தை நான் கோடு போட்டுக் காட்டவில்லை. படிக்கிறவர்கள் படித்தவர்கள், பார்த்துக்கொள்வார்கள். இன்று காலை தபாலில் சேர்த்துவிட்டேன். மீதி நூற்று எண்பத்தைந்து பேருக்கும் அப்பனோ அம்மாவோ யாராவது இருப்பார்கள். நீங்கள் உங்கள் எலிகளைச் சோதித்து முடியுங்கள், அது உங்கள் வேலை. ஆனால் அவர்கள் காத்திருக்க வேண்டாம்.

நேற்று ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பெண் ஒரு படிவம் கொண்டுவந்தாள். பரிசோதனையில் இருப்பவர் இறந்தால் குடும்பத்தாரிடமும் கையெழுத்து வாங்கணுமாம். வாசலிலேயே நின்றாள். உள்ளே வரப் பயமாக இருந்ததோ என்னவோ.

“இந்த இடத்துல மட்டும் போட்டாப் போதுங்க ஐயா” என்றாள்.

“என்னம்மா போட்டிருக்கு?” என்று கேட்டேன்.

அவள் சொன்னது கேட்கவில்லை. இன்னொரு தடவை கேட்டேன். அவள் கிட்டே வந்து, கத்திப் படித்தாள். தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மாத்திரைக்கும் இந்த மரணத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்று எழுதியிருக்கிறதாம். படித்து முடித்துவிட்டு அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் சண்டை போடுவேன் என்று நினைத்திருப்பாள்.

இந்த மருந்தைப் பற்றி இதுவரை எழுதியதில் இது ஒன்றுதான் உண்மை. ஒன்றும் செய்யாத மாத்திரைதானே. பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டேன்.